ஃபைலியில் எத்தனை அறை

நெவில் ஹார்டேக்கர் ஃபைலிக்குப் போவதற்கு எல்லாவற்றையும் திட்டமிட்டு முடித்துவிட்டார். பிப்ரவரி மாதத்தில் அந்தக் கடற்கரை ஊரில் எந்த மீன் வறுவல் கடை எந்தக் கிழமை திறந்திருக்கும், மழை பிடித்துக்கொண்டால் எந்தக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், அலை எப்போது ஏறும் எப்போது இறங்கும், காற்று வடக்கிலிருந்து அடித்தால் எந்தத் தெரு வழியாக நடந்தால் தொப்பி தலையிலேயே இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஃபிளாஸ்க்குக்குப் புது மூடிகூட வாங்கியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சிநேகிதி மோரீனுக்கும் தனக்கும் விடுதியில் ஒரு அறை போடுவதா, இரண்டு அறை போடுவதா?

இதை மோரீனிடமே கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும். அதுதான் முடியவில்லை. நெவிலின் ஊரான பார்ன்ஸ்லியில் இருப்பவர்கள் ஒன்றும் ஊமைகள் இல்லை. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம் தங்கள் குடலிறக்க ஆபரேஷனை ஆரம்பத்திலிருந்து தையல் பிரித்தது வரைக்கும் சொல்வார்கள். மழையைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்பதும், எனக்கு இதுதான் வேண்டும் என்று சொல்வதும் அவர்களுக்குக் கடைத்தெருவில் கால்சட்டை அவிழ்ந்து விழுந்த மாதிரி. "எனக்கு எதுன்னாலும் சரி" என்று இவர் சொல்வார். "உங்களுக்கு எது வசதியோ அது" என்று அவர் சொல்வார். இப்படியே மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றைச் செய்துவிட்டு, பிரமாதமாக இருந்தது என்று சொல்லி வீட்டுக்குப் போவார்கள். இந்த வித்தையில் நெவில் ஊருக்கே வாத்தியார்.

அவர் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கம்பெனிக்காரனே எழுதிக் கொடுத்துவிடுவான். கேட்க வேண்டியவர்கள் மணி அடித்துக் கேட்டுவிடுவார்கள். இறங்குகிறவர்கள் அந்த ஊர் வழக்கப்படி "தேங்க்ஸ், டிரைவர்" என்பார்கள், இவர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த மோரீன் லிஸ்டரும் வருஷக்கணக்காக அப்படித்தான் ஏறினாள், இறங்கினாள், தேங்க்ஸ் சொன்னாள். இவரும் தலையை ஆட்டினார். ஒரு வருஷம் பனி உறைந்து பஸ் மேட்டில் ஏறாமல் வழுக்கி வழுக்கிப் பின்னால் வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நடந்தார்கள். மோரீன் மட்டும் ஏறாத மேட்டுக்கும் சேர்த்துத் தேங்க்ஸ் சொல்லிவிட்டு இறங்கினாள். அன்று சாயங்காலம் நெவில் அதை மனைவி கேத்லீனிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கேத்லீன் போய்ச் சேர்ந்தாள். நெவில் ஓய்வு பெற்றார். வீட்டில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே செடியும் தொட்டியும் உரமும் விற்கிற பெரிய செடிக்கடை ஒன்று இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு டீக்கடையும் உண்டு. செடி வாங்குகிறவர்களைவிட டீ குடிக்கிற வயசானவர்கள்தான் அங்கே அதிகம். ஒரு வியாழக்கிழமை அங்கே வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்த அம்மாளுக்கு இடம் விட்டு நெவில் தன் தட்டை நகர்த்தினார். "தேங்க்ஸ், டிரைவர்" என்றாள் அவள். அன்றைக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அவளும் கணவனைப் பறிகொடுத்தவள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் வியாழக்கிழமை தவறியதில்லை. ஒரு டீ ஜாடி, வெண்ணெய் தடவி வாட்டிய திராட்சை ரொட்டி ஆளுக்கொன்று, அதோடு கடையில் இருக்கிற மற்றவர்களைப் பற்றி மெல்லிய குரலில் வம்பு. நெவிலுக்கு மற்ற கிழமைகள் எல்லாம் வியாழனுக்குப் போகிற வழியில் வரும் நிறுத்தங்களாக ஆகிவிட்டன.

ஜனவரியில் ஒரு நாள் மோரீன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "வெயில் காலத்துல கடல் நம்மளுது இல்ல நெவில். குழந்தைங்களுது, ஐஸ்கிரீம்காரனுது. யாருமே பாக்காதப்போ அது என்ன பண்ணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை."

"போய்ப் பாத்துடலாமே" என்றது ஒரு குரல். அது தன் குரல்தான் என்று நெவிலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை. நெவில் காய்கறி போடுகிற துண்டு நிலத்துக்குப் பக்கத்துத் துண்டு டெரிக்குடையது. சிறு வயசுச் சிநேகிதன். யாருக்கும் எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவன். குளிரில் இருவரும் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தபோது நெவில் விஷயத்தை மென்று முழுங்கிச் சொல்லி முடித்தார்.

"ஒரு ரூமா ரெண்டு ரூமான்னு அவகிட்ட கேக்கறதுக்கு என்னடா?" என்றான் டெரிக்.

"எப்படிடா கேக்கறது?"

"வாயால."

"ஒண்ணுன்னு சொன்னா என்னப் பத்தி என்ன நினைப்பா? இதுக்குத்தான் கடல் கிடல்னு கூப்பிட்டான் கெழவன்னு நினைக்க மாட்டாளா?"

"அப்போ ரெண்டுன்னு சொல்லு."

"ரெண்டுன்னே சொல்லிடறேன்" என்றார் நெவில், நிம்மதியாக.

டெரிக் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் யோசித்தால் ஆபத்து. "ஆனா ஒண்ணு. ரெண்டுன்னு சொன்னா, உன் பக்கத்துல படுக்க எனக்கு இஷ்டமில்லன்னு நீ மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும். அந்த வயசுல ஒரு பொம்பள அதைத் தாங்குவாளா? சொல்லு."

நெவிலுக்கு இருந்த ஒரு வழியும் அடைபட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பேசாம கூடாரம் கொண்டு போ" என்று டெரிக் முட்டைக்கோஸைப் பார்க்கப் போய்விட்டான்.

அடுத்த வியாழக்கிழமை நெவில் துணிந்தார். துணிந்தார் என்றால், துணிகிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தார். "மோரீன், அந்த விடுதில... வசதி எப்படி இருந்தா உங்களுக்கு நல்லாருக்கும்?"

"எனக்கு எதுன்னாலும் சரி."

"இல்ல, இந்தப் படுக்கை... வந்து... தலகாணி. சில பேருக்குத் தலகாணி உயரமா இருக்கணும்."

"தலகாணி எப்படி இருந்தாலும் எனக்குச் சரிதான். உங்களுக்கு எப்படி?"

"எனக்கும் எதுன்னாலும் சரி."

இருவரும் தலையணையைப் பற்றியே பேசினார்கள். இறகுத் தலையணை நல்லதா, பஞ்சுத் தலையணை நல்லதா என்று விவரமாக அலசினார்கள். மோரீன் நடுநடுவே நிறுத்தி, இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் அவர் முகத்தையே பார்த்தாள். நெவில் எழுந்து போய் இன்னொரு ஜாடி டீ வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் கஷ்டமான பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் டீ போடப் போய்விடுவார்கள். அதனால்தான் அங்கே இத்தனை டீ செலவாகிறது என்பது என் அபிப்பிராயம். விடுதியின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டு நெவில் வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, அவள் அப்படி முகத்தையே பார்த்தாளே, அது சம்மதம்தான் என்று தோன்றியது. சம்மதம் இல்லாதவள் தலையணையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவாளா? ஒரு வேகத்தில் போனை எடுத்தார். விடுதிக்காரி டென்பியம்மாவுக்கு வெயில் காலத்தில் போனில் பேச நேரமிருக்காது. குளிர்காலத்தில் போனை வைக்க மனசிருக்காது.

"வா கண்ணு, வா. பிப்ரவரில வர்றவங்கதான் உண்மையிலேயே கடலப் பாக்க வர்றவங்க. எத்தன ரூம்?"

"ஒண்ணு" என்றார் நெவில். காது வரைக்கும் சூடாகிவிட்டது, வீட்டில் தனியாக இருந்தும்.

"தனித்தனிக் கட்டிலா, பெரிய கட்டிலா?"

"பெ..." என்றார்.

"பெரிய கட்டில். கடலப் பாத்த ஜன்னல். முடிஞ்சுது கண்ணு."

போனை வைத்ததும் நெவில் சமையலறையில் ஒரு சுற்று நடந்து வந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். பரவாயில்லையே என்று தோன்றியது. அந்தத் தைரியம் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. காலையில் எழுந்ததும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்காமலேயே பெரிய கட்டில் போட்டுவிட்டோமே, அவள் கதவைத் திறந்து அந்தக் கட்டிலைப் பார்க்கும்போது தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஒரு கட்டிலுக்கு ஆசைப்பட்டு வியாழக்கிழமையைப் பறிகொடுத்துவிட்டால்? அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. காலி வீட்டுக்கும் ரேடியோவுக்கும் திரும்பிப் போக அவருக்குத் தெம்பில்லை. இரண்டு நாள் தவித்துவிட்டு மறுபடி போன் போட்டார்.

"டென்பியம்மா, நான் ஹார்டேக்கர். அந்த ரூம்... அதை ரெண்டாப் பண்ணிடுங்களேன். ஆளுக்கு ஒண்ணு."

மறுபக்கத்தில் ஒரு சிரிப்பு கேட்டது, கையால் வாயைப் பொத்திச் சிரிக்கிற சிரிப்பு.

"அது நேத்தே ரெண்டாயிடுச்சு கண்ணு."

"யார் பண்ணினா?"

"அய்யோ, என் வாய்" என்றாள் டென்பியம்மா. "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீ கேட்டியா, நான் சொன்னேனா? ஒண்ணும் பேசல நாம. இங்க காத்து பயங்கரமா அடிக்குது, கம்பளிச் சட்டை ரெண்டு சேத்து எடுத்துட்டு வா."

அந்த நம்பரை அவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒருத்திக்குத்தான். நெவில் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மோரீன் விடுதிக்குப் போன் செய்திருக்கிறாள். பெரிய கட்டில் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பதறிப்போய் இரண்டு அறையாக மாற்றியிருக்கிறாள். அதைத் தன்னிடம் சொல்லக்கூட அருவருப்பு. குட்டு உடைந்துவிட்டது. கெழவனுக்கு என்ன ஆசை பார் என்று அவள் நினைத்திருப்பாள், நினைத்ததில் தப்பும் இல்லை. நெவிலுக்கு அழுகை வந்தது. இத்தனைக்கும் அவள் மாற்றியது அவரே மாற்றப் போன அதே இரண்டு அறையாகத்தான். ஆனால் தான் மாற்றுவது மரியாதை, அவள் மாற்றியது மறுப்பு என்று அவர் மனசு கணக்குப் போட்டது.

இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஊர்க்காரர்கள் யாருக்கும் தோன்றாது. பயணத்தையே கேன்சல் செய்வதுதான் நாகரிகம் என்று முடிவெடுத்தார். அதற்கு ஒரு முட்டிவலி தயார் செய்தார்.

வியாழக்கிழமை மோரீன் முன்னாலேயே வந்து டீ ஜாடியோடு உட்கார்ந்திருந்தாள். நெவில் உரமூட்டைகளைத் தாண்டி நொண்டிக்கொண்டே வந்தார்.

"காலுக்கு என்ன ஆச்சு?"

"முட்டி. இடது முட்டி. திடீர்னு பிடிச்சுக்கிச்சு. கடல் காத்து ஆகவே ஆகாதுன்னுட்டார் டாக்டர். ஃபைலிய அப்புறம் பாத்துக்கலாம்னு... எனக்கு மனசே இல்ல, ஆனா பாருங்க..."

"எந்த டாக்டர்?"

நெவில் இதற்குத் தயாராக வரவில்லை. "டெரிக்கோட டாக்டர்" என்றார்.

"டெரிக்கோட டாக்டர் உங்க முட்டிய எதுக்குப் பாத்தார்?"

"பக்கத்துல இருந்தேன்."

மோரீன் நிதானமாக அவருக்கு டீ ஊற்றினாள், பால் விட்டாள், கரண்டியால் கலக்கினாள். "வாசல்லேந்து வலது காலத்தான் இழுத்துக்கிட்டு வந்தீங்க" என்றாள்.

நெவில் இரண்டு கால்களையும் மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டார். அசடு வழிந்தது.

"அந்த டென்பியம்மா வாய விட்டுட்டாங்க, இல்ல?"

அவர் டீ வாங்க எழுந்தார்.

"உக்காருங்க நெவில். ஜாடி நெறைய இருக்கு."

உட்கார்ந்தார்.

"ரூம்ல கெட்டில் இருக்கான்னு கேக்கத்தான் போன் பண்ணினேன்" என்றாள் மோரீன். "காலைல எழுந்ததும் எனக்கு டீ இல்லாம முடியாது. அந்தம்மா பாட்டுக்கு, கெட்டில் இருக்கு, கடல் இருக்கு, பெரிய கட்டில் போட்டாச்சுன்னு அடுக்கறாங்க."

"என்ன மன்னிச்சிடுங்க மோரீன். நான் அப்படிப்பட்டவன் இல்ல. நீங்க மாத்தினது சரிதான், நானே மாத்தத்தான்..."

"நான் பேசி முடிச்சுக்கறேன்." அவள் ரொட்டித் தட்டை ஓரமாக நகர்த்தினாள். "எனக்குக் கோவம் வரல. அழுகைதான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஜெஃப்ரி நல்ல மனுஷன், உங்களுக்குத் தெரியாது. கை நீட்டினதில்ல, குடிச்சதில்ல. ஆனா கட்டில்ல ஜன்னல் பக்கம் அவருக்கு. யாரும் என்னக் கேக்கல. லீவுக்கு எங்க போறோம், எத்தன நாள் இருப்போம், எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு வந்து சொல்வார். எனக்குச் சரின்னு நானும் சொல்வேன். ஆயுசு பூரா எனக்குச் சரி, எனக்குச் சரி. நீங்க போன வாரம் தொண்டையக் கனைச்சீங்களே, நான் மூச்சு விடாம உக்காந்திருந்தேன். ஒருத்தர் என்னக் கேக்கப் போறார்னு. நீங்க தலகாணியக் கேட்டீங்க."

"கேக்க வாய் வரல."

"ஏன் வரல? நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?"

நெவில் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தப்பாக் கேட்டு, நீங்க வியாழக்கிழமை வராமப் போயிட்டா? மத்த நாளெல்லாம் நான் சும்மா இந்த ஒரு நாளுக்காகத்தான் இருக்கேன் மோரீன்."

மோரீன் அவரையே பார்த்தாள். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் அவளுக்குச் சிவந்துபோயிற்று. கைக்குட்டையைத் தேடுகிறவள் மாதிரி பையைத் திறந்து மூடினாள்.

"மொதல்லயே இதைச் சொல்லியிருந்தா தலகாணிப் பேச்சு மிச்சமாயிருக்கும்" என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு ரூம்தான். அதுல மாத்தமில்ல. அடுத்தடுத்த ரூமாக் கேட்டு வாங்கியிருக்கேன். எனக்குன்னு ஒரு கதவு இருந்ததே இல்ல நெவில். எங்கம்மா வீட்டுல தங்கச்சிங்களோட ஒரே ரூம். கல்யாணத்துக்கு அப்புறம் ஜெஃப்ரி. அவர் வீட்டுல அவர் எதுக்குக் கதவத் தட்டப் போறார்? இந்த வயசு வரைக்கும் ஒரு மனுஷன் என் கதவுக்கு வெளில நின்னு தட்டினதில்ல. நான் உள்ள இருந்து யாருன்னு கேட்டதில்ல. ஃபைலில எனக்கு ஒரு கதவு வேணும். சாப்பிட்டு முடிச்சு அவங்கவங்க ரூமுக்குப் போனதுக்கப்புறம் நீங்க வந்து அதைத் தட்டணும்."

நெவில் இதை விழுங்கிக்கொள்ள நேரமாயிற்று. பக்கத்து மேஜையில் இரண்டு கிழவிகள் பேச்சை நிறுத்திவிட்டு, கவனிக்காதவர்கள் மாதிரி ரோஜாச் செடி விலைப் பலகையை ரொம்ப ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"தட்டினா... திறப்பீங்களா?"

"தட்டறதுக்கு முன்னாடியே அதை எப்படிச் சொல்ல முடியும்?"

நெவில் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கையை மேஜை மேல் கொண்டுபோய், இரண்டு டீக்கோப்பைகளுக்கும் நடுவில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார். கோப்பைகள் லேசாக ஆடின.

மோரீன் ரொட்டியில் மிச்சமிருந்த துண்டை எடுத்து மென்று, விழுங்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரது?"

"நெவில்."

"என்ன வேணும்?"

எதுன்னாலும் சரி என்பது அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

"உங்களோட இருக்கணும்" என்றார்.

பக்கத்து மேஜையில் ஒரு கரண்டி விழுந்தது. மோரீன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "தலைய வாரிக்கிட்டு வர்றேன்."